ஈயடிச்சான் காப்பியும் எட்டு மில்லிமீட்டர் ஓட்டையும்

"இதே மாதிரி வேணும், ஆனா விலை கொஞ்சம் பார்த்துப் போடுங்க." தென்னாப்பிரிக்காவில், டர்பனை ஒட்டிய பைன்டவுனில் நான் வேலை பார்க்கும் பட்டறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பேச்சை இப்படித்தான் தொடங்குகிறார்கள். கையில் செல்போன் இருக்கும். திரையில் ஆஸ்திரேலியக் கம்பெனி ஒன்றின் பம்பரோ, ஜோஹன்னஸ்பர்க் கடை ஒன்றின் கூரை ரேக்கோ இருக்கும். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, "இந்த வளைவு, இந்த லைட் வைக்கிற குழி, எல்லாம் அப்படியே" என்பார்கள். தாங்கள் கேட்பது திருட்டு என்று அவர்களுக்குத் தோன்றுவதே இல்லை. பத்திரிகைப் படத்தைத் தையல்காரரிடம் காட்டி ரவிக்கை தைக்கச் சொல்கிறவருக்கு அப்படித் தோன்றுமா என்ன?

நாங்கள் செய்வது பக்கிகளுக்கான சாமான்கள். பிக்கப் வண்டிக்கு இந்த ஊரில் அதுதான் பெயர். முன் பம்பர், பக்கவாட்டில் பாறை இடித்தால் தாங்கும் ராக் ஸ்லைடர், எஞ்சினுக்கு அடியில் போடும் காப்புத் தகடு, பெட்ரோல் கேன் மாட்டும் சட்டம் என்று பட்டியல் நீளும். வாங்குகிறவர்களில் சானி கணவாய் ஏறி லெசோத்தோ போகிறவர்கள் உண்டு, மொசாம்பிக் மணலில் ஓட்டுகிறவர்கள் உண்டு, கரும்புப் பண்ணைக்காரர்கள் உண்டு, அப்புறம் ஷாப்பிங் மால் பார்க்கிங்கைத் தாண்டாதவர்களும் உண்டு. கடைசி வகையினர்தான் தாராளமாகச் செலவழிப்பார்கள். நான் கோயம்புத்தூர்க்காரன். கணினியில் வரைபடம் போடுவது, லேசர் கட்டிங்குக்குக் கோப்பு தயாரிப்பது, அப்புறம் பட்டறைக்குள் இறங்கி அது ஏன் பொருந்தவில்லை என்று வெல்டரிடம் திட்டு வாங்குவது என் வேலை.

"என் டிசைனை அவன் காப்பி அடிச்சுட்டான்" என்று புலம்பாத ஆள் இந்தத் தொழிலில் கிடையாது. அந்தப் புலம்பலை நான் முழுதாக நம்புவதில்லை. "எல்லாரும் செய்றதுதானே, இதுல என்ன தப்பு" என்கிறவர்களையும் நம்புவதில்லை. ஒரு வடிவத்தைப் பார்த்து எடுத்துக்கொள்வது அவ்வளவு பெரிய பாவமாக எனக்குப் படவில்லை. அந்த வடிவம் ஏன் அப்படி வந்தது என்று தெரிந்துகொள்ளாமலே, தெரிந்தவனைப் போல விற்பதுதான் உறுத்துகிறது. எந்த இடத்தில் எனக்கு உறுத்தத் தொடங்குகிறது என்பதைத்தான் எழுதிப் பார்க்கிறேன்.

எங்கள் வீட்டு அழுக்கை முதலில் பேசிவிடலாம். ஹைலக்ஸ் பக்கி டர்பனின் தெற்கே புராஸ்பெக்டனில் இருக்கும் டொயோட்டா ஆலையிலிருந்து வருகிறது. புது மாடல் இறங்கியதும் நாங்கள் செய்கிற முதல் காரியம், தெரிந்த ஒருவரின் வண்டியைக் கெஞ்சி வாங்கி, பம்பரைக் கழற்றி, சேஸிஸ் என்கிற அடிச்சட்டத்தில் எங்கெங்கே ஓட்டை, என்ன அளவு போல்ட், ரேடியேட்டருக்கு முன்னால் எவ்வளவு இடம் என்று அளந்து எடுப்பது. டொயோட்டாவிடம் யாரும் அனுமதி கேட்பதில்லை. அவர்கள் பெயரையும் எடுத்துக்கொள்கிறோம். "ஹைலக்ஸுக்கான ஸ்லைடர்" என்று எழுதாமல் எப்படி விற்பது? உதிரிபாகமோ துணைக்கருவியோ எந்த வண்டிக்குப் பொருந்தும் என்று நேர்மையாகச் சொல்ல, அடுத்தவர் வணிகச் சின்னத்தைக் குறிப்பிடலாம் என்று தென்னாப்பிரிக்காவின் 1993ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டமே இடம் கொடுக்கிறது. ஆக, எங்கள் பிழைப்பே அடுத்தவர் சேஸிஸில் தொற்றிக்கொண்டு நடக்கிற பிழைப்பு. அப்படி இருக்கும்போது, "போல்ட் ஓட்டைகளின் இடைவெளியை அவன் என்கிட்டே இருந்து எடுத்துட்டான்" என்று கத்தினால் எடுபடாது. அந்த இடைவெளி டொயோட்டா போட்டது.

இந்த வண்டிகளின் பூர்வீகத்தைத் தோண்டினாலும் இதே கதைதான். 1940இல் அமெரிக்க ராணுவத்துக்கு முதல் ஜீப்பைச் செய்து கொடுத்தது பென்சில்வேனியாவில் பட்லர் என்ற ஊரில் இருந்த பேண்டம் என்ற சின்னக் கம்பெனி. ராணுவம் அதன் வரைபடங்களை வில்லிஸ், ஃபோர்டு இருவருக்கும் கொடுத்துவிட்டது. பெரிய ஆர்டர்களும் அவர்களுக்கே போயின. பேண்டம் டிரெய்லர் செய்யப் போய்விட்டது. சரி, ஜீப் என்றதும் கண்முன் வருகிற அந்தச் செங்குத்துத் துளை கிரில்லாவது வில்லிஸின் சொந்த யோசனையா என்றால், அதுவும் இல்லை. வில்லிஸ் கம்பிகளை வெல்டிங் செய்துதான் கிரில் போட்டுக்கொண்டிருந்தது. ஒரே தகட்டில் அழுத்தி வெட்டினால் மலிவு என்று கண்டுபிடித்தது ஃபோர்டு. அதில் 9 துளை இருந்தது. போர் முடிந்து பொதுமக்களுக்கு வண்டி விற்கத் தொடங்கியபோது வில்லிஸ் அதை 7 ஆக்கிக்கொண்டது.

அந்த வில்லிஸ் ஜீப்பை உரிமம் வாங்கி இந்தியாவில் பூட்டி விற்று வளர்ந்தது மஹிந்திரா. பல பத்தாண்டு கழித்து, அதே பரம்பரையில் வந்த ரோக்ஸர் என்ற வண்டியை அமெரிக்காவில் விற்கப் போனார்கள். ஜீப் பெயர் அப்போது ஃபியட் கிரைஸ்லரிடம் இருந்தது. அவர்கள் 2018இல் புகார் கொடுத்தார்கள். ரோக்ஸரின் தோற்றம் ஜீப்பின் தோற்ற உரிமையை மீறுகிறது என்று 2020இல் அமெரிக்கப் பன்னாட்டு வணிக ஆணையம் முடிவு சொன்னது; மஹிந்திரா முகப்பை மாற்றி வரைய வேண்டியதாயிற்று. டர்பனிலேயே மஹிந்திரா பிக்கப்களைப் பூட்டுகிற ஆலை 2018 முதல் இருப்பதால் அந்த வண்டிகள் எங்களிடமும் வரும். அவற்றுக்கு பம்பர் அளவெடுக்கும்போது எனக்கு இந்த வழக்கு ஞாபகம் வந்துவிடும். ஃபோர்டு யோசித்த கிரில், வில்லிஸுக்குப் போய், கடைசியில் ஃபியட் கிரைஸ்லரின் சொத்தாக வந்து நின்றது. முதலில் யோசித்தவர் யார் என்ற கேள்வியை அங்கே யாரும் கேட்கவில்லை. யார் நெடுநாள் விற்று மக்கள் மனத்தில் பதியவைத்தார்கள் என்பதுதான் கேள்வி. சட்டத்தில் அது சரியாக இருக்கலாம். அதை நீதி என்று யாராவது என்னிடம் சொன்னால் கொஞ்சம் யோசிப்பேன்.

இந்த நாட்டுச் சட்டம் எங்களைப் போன்றவர்களிடம் தாராளமாகவே நடந்துகொள்கிறது. வண்டி உதிரிபாகம் போன்ற பொருளுக்குச் செயல் சார்ந்த வடிவ உரிமை, அதாவது வேலை செய்வதற்காக அமைந்த வடிவத்தின் மேல் உரிமை, செல்லாது என்று 1993ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டம் சொல்கிறது. பிஎம்டபிள்யூ நிறுவனம் தன் மூன்றாம் வரிசைக் கார் ஒன்றின் பானெட், கிரில், ஹெட்லைட், ஃபெண்டர் ஆகியவற்றை அழகு சார்ந்த வடிவங்களாகப் பதிந்துவைத்துக்கொண்டு, மாற்று உதிரிபாகம் விற்ற கிராண்ட்மார்க் என்ற இறக்குமதிக் கம்பெனி மேல் வழக்குப் போட்டது. 2013இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நீதிபதிகள் சொன்ன காரணம் எனக்குப் பிடிக்கும்: காரைத் தேர்ந்தெடுக்கும்போது ஆள் அழகைப் பார்க்கிறான், நசுங்கிப்போன பானெட்டுக்குப் பதில் இன்னொன்று வாங்கும்போது அழகையா பார்க்கிறான்? பழையது மாதிரியே இருந்து பொருந்தினால் போதும் அவனுக்கு. அந்த வடிவத்தைத் தேர்ந்தெடுக்க அவனுக்கு வேறு வழியே இல்லை.

ஆனால் எங்கள் பம்பர் அப்படிப்பட்டது இல்லை. வண்டியோடு வந்ததைத் தூக்கிவிட்டு, வேறு மாதிரி வேண்டும் என்றுதான் எங்களிடம் வருகிறார்கள். அதற்கு நூறு வடிவம் சாத்தியம். எனவே அழகு சார்ந்த வடிவமாகப் பதிவு செய்துகொள்ள வாய்ப்பு உண்டு. பதிந்தால் 15 ஆண்டு. செயல் சார்ந்ததென்றால் 10 ஆண்டு. ஆனால் பொருளை வெளியே விட்ட 6 மாதத்துக்குள் விண்ணப்பம் போய்விட வேண்டும். எங்களைப் போன்ற பட்டறையில் முதல் 6 மாதம் முழுக்க, "ஃபாக் லைட் கண்ணாடியில் உரசுது", "பார்க்கிங் சென்சார் கத்திக்கிட்டே இருக்கு" என்று வருகிற புகாரைச் சரிசெய்வதிலேயே போய்விடும். பொருள் ஓடுமா ஓடாதா என்று தெரிவதற்குள் கெடு முடிந்திருக்கும். பதியாத வடிவத்துக்கு அந்தச் சட்டத்தில் பாதுகாப்பு இல்லை. ஆகவே எங்களுக்குள் நடக்கும் சண்டையில் சட்டம் அதிகம் வருவதில்லை. மிச்சம் இருப்பது மனசாட்சி. அதுவும் மாத வாடகை கட்டுகிற மனசாட்சி.

இப்போது அந்த ஓட்டைக்கு வருகிறேன்.

எங்கள் ராக் ஸ்லைடரில் மூன்று பாகம். சேஸிஸோடு போல்ட் போடுகிற தகடு, அதிலிருந்து வெளியே நீளும் கால்கள், கால்களைச் சேர்த்துக்கொண்டு கதவுகளுக்கு அடியில் ஓடும் நீளக் குழாய். அந்தத் தகடு பார்வைக்கு இரண்டு பக்கமும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் ஒரு பக்கத்து விளிம்பு மட்டும் பிரேக் குழாய்க்கு இடம்விட்டு நூலிழை குறைவு. வெல்டிங் செய்யும் பையன்கள் அதைத் திருப்பிப் போட்டுவிடுவார்கள். எவ்வளவு கத்தினாலும் போடுவார்கள், ஏனென்றால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. அதனால் தகட்டின் ஓரத்தில், நடுவை விட்டுத் தள்ளி, ஒரு 8 மில்லிமீட்டர் ஓட்டை போட்டேன். வெல்டிங் செய்யும்போது பாகங்களைப் பிடித்துவைக்கும் பிடிச்சட்டத்தில் அதற்கு நேராக ஒரு முளை. தகட்டைத் திருப்பி வைத்தால் முளை தடுக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. வண்டிக்கும் அந்த ஓட்டைக்கும் சம்பந்தமே இல்லை. வண்டியில் ஏறியபின் அது சும்மா கிடக்கும்.

ஒரு நாள் ஒருவர் வெல்டிங் விட்டுப்போன ஸ்லைடர் ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். எங்களுடையது என்றுதான் முதலில் நினைத்தேன். பவுடர் கோட்டிங்கின் மினுமினுப்பு மட்டும் வேறு மாதிரி இருந்தது. தகட்டைத் திருப்பிப் பார்த்தால் அந்த ஓட்டை இருக்கிறது. அதே 8 மில்லிமீட்டர், அதே ஓரம், அதே தள்ளல். அதில் அழகாக ஒரு ரப்பர் அடைப்பான் வேறு போட்டிருந்தார்கள். "இது எதுக்குன்னு விற்றவர் சொன்னாரா?" என்று கேட்டேன். "தண்ணி வடியறதுக்காம்" என்றார். அடைப்பான் போட்ட ஓட்டையில் எப்படித் தண்ணீர் வடியும் என்று அவரும் கேட்கவில்லை, விற்றவரும் யோசிக்கவில்லை. ஈயடிச்சான் காப்பி என்றால் இதுதான். ஈயைக்கூட விடவில்லை.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, உடைந்த இடத்தைப் பார்க்கும் வரை. எங்கள் ஸ்லைடரில் நீளக் குழாயில் துளை வெட்டி, காலை அதற்குள் செருகி, மறுபக்கச் சுவர் வரை கொண்டுபோய், இரண்டு பக்கமும் வெல்டிங் செய்கிறோம். வெளிப்பக்கத்து வெல்டிங்கைத் தேய்த்துச் சமன்செய்து, மேலே பெயின்ட் ஏறிவிட்டால், உள்ளே கால் ஓடுகிறது என்று வெளியிலிருந்து தெரியாது. அந்த நகலில் காலைக் குழாயின் பக்கத்தில் முட்டவைத்து, சுற்றிலும் ஒரு வெல்டிங் ஓட்டியிருந்தார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்று. அவர் ஆற்றங்கரைச் சேற்றில் மாட்டிக்கொண்டு, ஸ்லைடருக்கு அடியில் ஹை-லிஃப்ட் ஜாக்கி கொடுத்துத் தூக்கியிருக்கிறார். பக்கியின் பாதி எடை ஒற்றைக் காலின் வெல்டிங் விளிம்பில் நெம்புகோல் மாதிரி இறங்கியிருக்கிறது. விரிசல் அங்கேதான் தொடங்கியிருந்தது. வண்டி சரிந்தபோது அவர் கை உள்ளே இல்லை. அது அவர் அதிர்ஷ்டம்.

கண்ணுக்குத் தெரிகிற, தேவையே இல்லாத ஓட்டையை எடுத்துக்கொண்டார்கள். கண்ணுக்குத் தெரியாத, எல்லாவற்றையும் தாங்குகிற இணைப்பை விட்டுவிட்டார்கள். என் டிசைனைத் திருடிவிட்டார்கள் என்று நான் கோபப்பட வேண்டுமென்றால், முதலில் அவர்கள் என் டிசைனை எடுத்திருக்க வேண்டும். அவர்கள் எடுத்தது அதன் புகைப்படத்தை.

இது ஒன்றும் புதுக் கதை இல்லை. எங்களிடம் நன்றாக விற்பது ஜெர்ரி கேன் மாட்டும் சட்டம். அதில் மாட்டுகிற அந்த 20 லிட்டர் கேன், ஆஃப்-ரோடு உலகத்திலேயே அதிகமாகக் காப்பி அடிக்கப்பட்ட பொருள் என்றால் யாரும் மறுக்க மாட்டார்கள். 1937இல் ஜெர்மன் ராணுவத்துக்காக வடிவமைத்தது. இரண்டு பாதிகளைத் தகட்டில் அழுத்தி எடுத்து, பள்ளத்துக்குள் பதிந்த மாதிரி வெல்டிங் செய்து சேர்த்திருப்பார்கள். கீழே விழுந்தாலும் அந்த இணைப்பில் அடி படாது. மேலே மூன்று கைப்பிடி: ஒருவர் தூக்க நடுப்பிடி, இருவர் தூக்க ஓரப்பிடிகள், காலியாக இருந்தால் ஒரே கையில் இரண்டு கேன். நெம்பித் திறக்கிற மூடி, ஊற்றும்போது குளுக் குளுக்கென்று துப்பாமல் இருக்க உள்ளே காற்றுக் குழாய். நிரப்பினாலும் மேலே கொஞ்சம் காற்று தங்கும், தண்ணீரில் போட்டால் மிதக்கும்.

அப்போது வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பிரிட்டிஷ்காரர்கள் மெல்லிய தகர டின்களில் பெட்ரோல் கொண்டுபோனார்கள். மடிப்பு விட்டு ஒழுகி, போய்ச்சேர்வதற்குள் கணிசமான பங்கு மணலுக்குப் போய்விடும். ஜெர்மன் கேன்கள் கைக்குக் கிடைத்தபோது ஆசையாகப் பொறுக்கிக்கொண்டார்கள். பிறகு அப்படியே, இம்மி பிசகாமல், நகல் செய்தார்கள். அமெரிக்கர்களிடமும் அந்தக் கேனின் மாதிரி போயிருந்தது. அவர்கள் அளவையும் உருவத்தையும் கைப்பிடிகளையும் எடுத்துக்கொண்டு, பள்ளத்து வெல்டிங்குக்குப் பதிலாகச் சுருட்டி மடித்த இணைப்பு போட்டார்கள். மூடியைத் திறக்க ஸ்பேனர் வேண்டும், ஊற்றப் புனல் வேண்டும். பார்க்க ஜெர்ரி கேன் மாதிரியே இருக்கும், ஆனால் ஒழுகும்.

இதில் எந்த நகல் நேர்மையானது? முழுசாகத் திருடிய பிரிட்டிஷ் நகல்தான் என்று நான் சொன்னால் உடனே சண்டைக்கு வருவார்கள். போர்க்காலம் வேறு, எதிரியின் பொருள் வேறு, சரி. ஆனால் அந்தக் கேனில் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு பாலைவனத்துக்குப் போன சிப்பாயின் பக்கத்திலிருந்து பார்த்தால் விடை மாறாது. காப்பி அடிப்பது என்று இறங்கிவிட்டால் அரைகுறையாக அடிப்பதுதான் முதல் குற்றம்.

அப்படியென்றால் முழுசாகக் காப்பி அடித்துவிட்டால் பாவம் தீர்ந்ததா? இங்கேதான் நான் கொஞ்சம் தடுமாறுகிறேன். தடுமாறுகிற இடத்தில் எனக்குக் கைகொடுப்பது ஒரு படகு வழக்கு.

இந்த நாட்டில் கடற்கரையிலிருந்து நேராக அலையைக் கிழித்துக்கொண்டு போகும் மீன்பிடிப் படகுகளை ஸ்கீ-போட் என்பார்கள். இந்தப் பக்கத்துப் பக்கிகளில் பாதி அதை இழுப்பதற்கென்றே வாங்கப்பட்டவை. பட் என்பவர் பல ஆண்டு திரும்பத் திரும்பச் செய்து பார்த்து, தப்பைத் திருத்தித் திருத்தி, இரட்டை அடித்தளப் படகு ஒன்றின் உடலை உருவாக்கினார். ஷூல்ட்ஸ் என்பவர் அந்தப் படகின் உடலையே அச்சாக வைத்து வார்ப்பு எடுத்து, தானும் படகு விற்கத் தொடங்கினார். வழக்கு 1986இல் அன்றைய மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. அடுத்தவன் பொருளைப் பார்த்துச் செய்வது பொதுவாகத் தப்பில்லை. ஆனால் ஒருவன் உழைத்துக் கண்டுபிடித்ததை அப்படியே அச்சில் பதித்து எடுத்து, அதையே வைத்து அவனோடு போட்டி போடுவது முறையற்றது என்று தீர்ப்பு வந்தது. சட்டப் புத்தகத்தில் அதற்கென்று தனிப் பிரிவு எதுவும் இல்லை. சமூகம் எதை நியாயம் என்று கருதும் என்பதை வைத்து முடிவு செய்தார்கள்.

பார்த்துச் செய்வதற்கும் பதித்து எடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் எனக்குப் புதிதில்லை. கோயம்புத்தூரில் கணபதி பக்கம் பம்ப் பட்டறைகளுக்கு நடுவில் வளர்ந்தவன் நான். ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பிரித்துப்போட்டுப் பூட்டியே ஜி.டி. நாயுடு இயந்திரம் கற்றார் என்ற கதையைக் கேட்காமல் அங்கே யாரும் பள்ளிக்கூடம் முடிப்பதில்லை. பிரித்துப் பார்ப்பது எங்களுக்குப் பாவம் இல்லை, படிப்பு. ஆனால் ஃபவுண்டரிக்காரர்களுக்கு இன்னொன்றும் தெரியும். அடுத்தவன் வார்த்த இம்பெல்லரையே, அதாவது பம்புக்குள் சுழலும் இதழ்ச் சக்கரத்தையே, மணலில் பதித்து வார்த்தால், ஆறும்போது இரும்பு சுருங்கி, வருவது நூற்றுக்கு ஒரு பங்கு சின்னதாக வரும். அதைப் பார்த்து இன்னொருவன் வார்த்தால் இன்னும் சின்னது. முறையாகச் செய்கிறவன் அளவெடுத்து, சுருக்கத்துக்கு இடம் விட்டு, மணலில் பதிக்கப் புதிதாக மரத்தில் பேட்டர்ன் செதுக்குவான். செதுக்கும்போது, இந்த இதழ் ஏன் இப்படி வளைகிறது என்று தானாகவே யோசிக்க வேண்டி வரும். அந்த யோசனைதான் அவன் கட்டுகிற கூலி.

கணினி இந்தக் கூலியை இல்லாமல் ஆக்கிக்கொண்டிருக்கிறது. கையடக்க முப்பரிமாண ஸ்கேனர் இப்போது வாடகைக்குக் கிடைக்கிறது. போட்டியாளரின் பம்பரைச் சுற்றி ஒரு நடை நடந்தால், மதியத்துக்குள் அதன் உருவம் என் திரையில் சுழலும். மணலில் வார்த்தாலாவது சுருக்கம் காட்டிக்கொடுக்கும். இதில் அதுவும் இல்லை. நான் ஸ்கேனரை வெறுக்கவில்லை. ஹைலக்ஸ் சேஸிஸை அளக்க அதைவிட நல்ல கருவி கிடையாது. வண்டியை அளப்பது வேறு, பக்கத்துப் பட்டறையை அளப்பது வேறு என்று எனக்குள் ஒரு கோடு வைத்திருக்கிறேன். அந்தக் கோட்டை வேறு யாரும் மதிக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்றும் தெரியும்.

எங்கள் முதலாளியை எல்லோரும் அங்கிள் என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய கொள்ளுத்தாத்தா நேட்டால் கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாக வந்தவர். அங்கிளுக்குத் தமிழ் பேச வராது. "தம்பி", "சாமி" மாதிரி சில சொற்கள் மட்டும் ஆங்கிலத்துக்கு நடுவே தலைகாட்டும். எங்கள் ஸ்லைடரைக் காப்பி அடித்த பட்டறையைப் பற்றி நான் கொதித்தபோது அவர் அமைதியாக, "அந்தப் பையன் நம்மகிட்ட வெல்டிங் கத்துக்கிட்டவன், தம்பி" என்றார். எனக்கு அது தெரியாது. நான் வருவதற்கு முன்னால் இங்கே வேலை பார்த்து, பிறகு டர்பனிலேயே ஃபீனிக்ஸ் பக்கம் சொந்தமாக ஒரு கொட்டகை போட்டுக்கொண்டவராம். "நானும் இன்னொருத்தர்கிட்ட கத்துக்கிட்டுத்தான் வெளியே வந்தேன். அவர் என்னை அப்போ திருடன்னு சொன்னார்."

கோயம்புத்தூரிலும் இதே கதைதான். ஒரு பழைய கம்பெனியிலிருந்து பத்துப் பேர் வெளியேறிப் பத்துப் பட்டறை வைப்பார்கள். பத்திலும் ஒரே ஜாடையில் பம்ப் வரும். கையில் ஏறிய வித்தையை விட்டுவிட்டுப் போ என்று யாரும் சொல்ல முடியாது. பென் டிரைவில் வரைபடக் கோப்பை ஏற்றிக்கொண்டு போவது வேறு. அது எனக்கும் அங்கிளுக்கும் கருத்து வேறுபாடு இல்லாத இடம். அந்தப் பையன் கோப்பை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் உள்ளே ஓடும் காலும் வந்திருக்கும். பிற்பாடு கடையிலிருந்து ஒரு ஸ்லைடரை வாங்கி அளந்திருக்கிறார். வெட்டிப் பார்க்க மனம் வரவில்லை போலும். காசு கொடுத்து வாங்கியதாயிற்றே.

பெரிய கம்பெனியிடமிருந்து சின்னவன் எடுப்பதையும், சின்னவனிடமிருந்து பெரியவன் எடுப்பதையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனமில்லை. ஆஸ்திரேலியப் பம்பர் கப்பலேறி வந்து, வரி கட்டி, கடைக்காரர் லாபம் வைத்து நிற்கும்போது, விலை இங்கே பழைய பக்கி ஓட்டுகிறவரின் கைக்கு எட்டாது. அவருக்கும் இரவில் மாடு குறுக்கே வரும். உள்ளூரில் யாராவது பார்த்துச் செய்துகொடுத்தால் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஃபீனிக்ஸில் கொட்டகை வைத்திருக்கும் ஒருவரின் யோசனையை, கண்டெய்னர் கணக்கில் இறக்குமதி செய்கிற ஒருவர் மாதிரிக்கு ஒன்று வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பிப் பாதி விலைக்கு இறக்கினால், அந்தக் கொட்டகை மூடிவிடும். சட்டத்துக்கு இரண்டும் ஒன்றுதான். எனக்கு ஒன்றில்லை. பாரபட்சம் என்றால் பாரபட்சம்தான்.

இதற்கெல்லாம் அப்பால், பேரமே பேசக் கூடாத சில பொருள்கள் உண்டு. ரெகவரி பாயின்ட், அதாவது சிக்கிய வண்டியை இழுக்கப் பட்டை மாட்டுகிற கொக்கி, அதில் முதலாவது. மணலில் புதைந்த வண்டியை இழுக்க நைலான் பட்டையைப் பயன்படுத்துகிறார்கள். அது ரப்பர் மாதிரி நீண்டு, விசையைச் சேமித்து, பிறகு சுண்டி இழுக்கும். வண்டியில் அதை மாட்டுகிற கொக்கி பிய்ந்தால், இரும்புத் துண்டு துப்பாக்கிக் குண்டாகப் பறந்துவரும். டிரெய்லர் மாட்டும் உருண்டையில் பட்டையைக் கட்டி இழுத்து, உருண்டை முறிந்து பறந்து ஆள் செத்த சம்பவங்கள் ஆஸ்திரேலியாவில் உண்டு. கொக்கியின் உருவத்தை யார் வேண்டுமானாலும் லேசரில் வெட்டிவிடலாம். அது உறுதி கூடிய எஸ்355 தகடா வெறும் மைல்டு ஸ்டீலா என்று பெயின்ட் அடித்தபின் கண்டுபிடிக்க முடியாது. போல்ட் தலையில் அதன் உறுதியைக் காட்ட 8.8 என்றோ 10.9 என்றோ பொறித்திருப்பதைப் பார்க்கிறவர்கள் குறைவு. பார்த்தாலும் அதை நம்ப வேண்டும். முன் பம்பரும் இதே ரகம்தான். நல்ல பம்பரின் பின்னால் இருக்கும் தாங்கிகள், மோதும்போது கணக்காக மடிந்து கொடுக்கிற மாதிரி வெட்டப்பட்டிருக்கும். அதிர்ச்சி எவ்வளவு வேகத்தில் சேஸிஸுக்குப் போகிறது என்பதை வைத்துத்தான் ஏர்பேக் விரிவதா வேண்டாமா என்று வண்டியின் கணினி முடிவு செய்கிறது. காப்பி அடிக்கிறவர் அந்த வெட்டுகளைப் பார்த்து, "பலவீனமா இருக்கே" என்று நினைத்து, தடித்த தகடாக மாற்றி, "எங்களோடது இன்னும் ஸ்ட்ராங்" என்று விற்பார். நான் இதைப் பார்த்திருக்கிறேன். வாங்கினவர் மகிழ்ச்சியாகப் போனார்.

ஒரு கடைக்காரர் வெளிநாட்டு ரெகவரி பாயின்ட் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, இதே மாதிரி மொத்தமாகச் செய்து தர முடியுமா என்று கேட்டார். நல்ல ஆர்டர். அந்த மாதம் கையில் வேலையும் இல்லை. அங்கிள் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இழுத்துப் பார்க்கிற செலவை யார் தர்றது?" என்று கேட்டார். கடைக்காரருக்குப் புரியவில்லை. "அவங்க ஏற்கெனவே டெஸ்ட் பண்ணிட்டாங்களே" என்றார். "அவங்க டெஸ்ட் பண்ணது அவங்களோட இரும்பை" என்று சொல்லி அங்கிள் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த ஆர்டர் வேறு எங்கோ போனது. அந்தக் கடையில் அந்தப் பொருள் இப்போது தொங்குகிறது, சிவப்புப் பெயின்டில், பார்க்க லட்சணமாக.

ஸ்லைடர் விஷயத்தில் எனக்கும் அவருக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. கால் குழாய்க்குள் எப்படி ஓடுகிறது என்பதைக் குறுக்கே வெட்டிய படமாகப் போட்டு, வண்டியில் மாட்டுகிறவருக்குக் கொடுக்கும் குறிப்புத் தாளில் சேர்த்துவிடலாம் என்கிறார் அங்கிள். வாங்குகிறவர்கள் அடுத்த கடையில் அதைக் கேட்கட்டும், ஃபீனிக்ஸ் பையனும் பார்த்துச் செய்யட்டும், எவன் கையும் வண்டிக்கு அடியில் நசுங்க வேண்டாம் என்பது அவர் வாதம். நான், எத்தனை குழாயை வீணாக்கி, எத்தனை இணைப்பை உடைத்துப் பார்த்துக் கண்டுபிடித்த சமாச்சாரம் அது, இலவசமாகக் கொடுப்பதா என்றேன். ஜெர்ரி கேன் கதையை அவருக்குச் சொன்னதே நான்தான். அதை என் பக்கமே திருப்பிவிட்டார். கடைசியில் படத்தைப் போட்டோம். துளை எவ்வளவு பெரிது, கால் தகடு எவ்வளவு தடிமன், வெல்டிங் எந்த வரிசையில் என்ற விவரங்களை நான் போடவில்லை. அதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர் ஒன்றை வாங்கி வெட்டிப் பார்க்கட்டும்.